செத்தவீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லையா? மிகுபுனைவுக் கதைகளில் சாவும் பாத்திர வளர்ச்சியும்

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். ஓ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஆளுக்கு ஒரு கொப்பி. எழுதியதை வாசிப்பார்கள், மற்றவர்கள் குறை பிடிப்பார்கள், அடிபிடி வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மாதம் ஒரு பெடியன் தன் மந்திரக் கதையின் மூன்றாம் அத்தியாயத்தை வாசித்தான். குளத்தைக் காவல் காக்கும் கிழவர் ஒருவர். தண்ணீரோடு பேசத் தெரிந்தவர். குளக்கட்டை உடைக்க வந்த பூதத்தோடு மல்லுக்கட்டுகிறார். கடைசியில் பூதமும் சாகிறது, கிழவரும் சாகிறார். அடுத்த வரியில் பேரன் கிழவரின் வாளை எடுத்துக்கொண்டு குதிரையில் ஏறிவிட்டான். பூதங்களின் நாட்டை அழிக்கப் போகிறானாம்.

மூலையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "ஏன்ரா, செத்தவீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். எழுதியவனும் சிரித்தான். கிழவர் கையில் அதுவரை தடிதானே இருந்தது, வாள் எங்கேயிருந்து வந்தது என்று இன்னொருவன் கேட்டான். குதிரை நெடுந்தீவிலிருந்து நீந்தி வந்திருக்கும் என்றான் மற்றவன். சிரிப்பு அடங்கின பிறகும் அந்தப் பிள்ளையின் கேள்வி மட்டும் அங்கேயே நின்றது. மிகுபுனைவுக் கதையில் ஒரு பாத்திரம் செத்தால் மற்றப் பாத்திரங்களுக்கு என்ன நடக்கவேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், இனி நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிவிடுவோம். மிகுபுனைவு என்பது நம் உலகத்தின் விதிகள் அப்படியே செல்லாத ஓர் இடத்தில் நடக்கும் கதை. மந்திரம் இருக்கும், மிருகம் பேசும், செத்தவர் எழும்பியும் வரலாம். பாத்திர வளர்ச்சி என்பது கதைக்குள் நுழைந்த ஆள் அதே ஆளாக வெளியே வராமல் இருப்பது. இதைப் பலர் திறமையோடு குழப்பிக்கொள்கிறார்கள். வாள் வீசத் தெரியாதவன் நூறு பக்கத்துக்குப் பிறகு நன்றாக வீசுகிறான் என்றால் அவன் பயிற்சி எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். ஆள் மாறினானா என்பது வேறு கேள்வி.

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முதலாம் அத்தியாயத்தில் உங்கள் பாத்திரத்தின் படலையடியில், பசியோடு வந்த ஒரு அந்நியனை நிறுத்துங்கள். வீட்டில் ஒரு நேரச் சாப்பாடுதான் மிச்சம். அவள் படலையைத் திறப்பாளா? கடைசி அத்தியாயத்தில் அதே படலை, அதே பசி. இப்போது திறப்பாளா? பதில் மாறியிருந்தால் அவள் வளர்ந்திருக்கிறாள். முன்பு திறந்தவள் இப்போது திறக்கமாட்டாள் என்றாலும் அது வளர்ச்சிதான். வளர்ச்சி என்றால் நல்லவராவது என்று அர்த்தமில்லை. எங்கள் வயல் வரம்பில் பாத்தீனியமும்தான் வளர்கிறது.

அந்தப் பதிலை மாற்றுவதற்குக் கதைகாரரின் கையில் இருக்கும் மிகப் பாரமான சாமான் மரணம். பாரமாக இருப்பதால், தூக்கிப் போட்டவுடன் வேலை முடிந்தது என்று தோன்றிவிடும். பெடியனும் அப்படித்தான் நினைத்தான்.

முப்பத்திரண்டாம் நாள்

எங்கள் பக்கத்தில் சாவுக்கு ஒரு நாட்கணக்கு உண்டு. செத்தவீடு, சாம்பல் அள்ளும் காடாத்து, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஒரு வருஷத்தில் ஆட்டைத் திவசம். செத்தவீட்டன்று முற்றம் முழுக்கக் கதிரை. பந்தல், பறை, ஒப்பாரி. வீட்டு அடுப்பு எரியாது; அயலட்டையிலிருந்து சாப்பாடு வரும். வீட்டுக்காரருக்கு அழக்கூட நேரம் கிடைக்காது. வருகிறவர்களுக்கெல்லாம், எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு, ஆர் பக்கத்தில் நின்றது என்று திரும்பத் திரும்பச் சொல்லியே பொழுது போய்விடும். எட்டுக்குச் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். அந்தியேட்டி முடியும், பந்தி முடியும், வாடகைக் கதிரைகளை லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

முப்பத்திரண்டாம் நாள் விடிய அந்த வீட்டில் ஒரு ஆள் எழும்பி, பழக்கத்தில் இரண்டு தேத்தண்ணி ஊற்றுகிறாள். ஒன்று மிஞ்சுகிறது.

பாத்திர வளர்ச்சி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் தங்களிடம் உள்ள கண்ணீர், மழை, இடி மின்னல் எல்லாவற்றையும் சாவுக் காட்சியிலேயே கொட்டிவிடுவார்கள். முப்பத்திரண்டாம் நாளுக்கு ஒன்றும் இருக்காது. சாவுக் காட்சி செத்தவருக்குச் சொந்தம். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு பக்கமும் மிஞ்சினவர்களுக்குச் சொந்தம். ஒரு ஆள் போனால், அவர் பார்த்துவந்த வேலை நிற்கும், அவருக்குச் சொல்ல வைத்திருந்த வார்த்தை தொண்டையில் நிற்கும், அவர் இருக்கிறார் என்ற துணிவில் மற்றவர்கள் செய்யாமல் விட்டதெல்லாம் வாசலில் வந்து நிற்கும். அதை யாரோ எடுக்கவேண்டும், அல்லது எடுக்காமல் ஓடவேண்டும். எடுக்கிறவரும் மாறுவார், ஓடுகிறவரும் மாறுவார்.

பெடியனிடம் நாங்கள் கேட்டது இதைத்தான்: உன் கிழவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் என்ன செய்தார்? பூதத்தோடு மல்லுக்கட்டுவது வருஷத்தில் ஒருநாள் வேலை. மற்ற 364 நாளும்?

அவன் யோசித்தான். முத்தையன்கட்டுக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவன். "விடியக்காலமை துருசடிக்குப் போய்த் தடியாலை மூண்டுதரம் தட்டுவார், அக்கா. தண்ணி எழும்பி வாய்க்காலுக்குப் போகும்." துருசு என்றால் குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகு. இது கதையில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இல்லை. அவனுடைய தலைக்குள் மட்டும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை புதிதாக எழுதிக்கொண்டு வந்தான். முதலாம் அத்தியாயத்திலேயே கிழவர் இரண்டு நாள் துருசடிக்குப் போய்த் தட்டுகிறார். ஒருதரம் பேரன் கூடப்போய்க் கொட்டாவி விடுகிறான். மூன்றாம் அத்தியாயத்தில் கிழவர் சாகிறார். ஊர் அழுகிறது, எட்டு முடிகிறது, துருசின் நினைவு ஒருவருக்கும் வரவில்லை. வயல் வெடிக்கத் தொடங்குகிறது. குளத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கிறது, ஆனால் வாய்க்காலுக்கு இறங்கவில்லை. அதற்குத் தெரிந்தது கிழவரின் தட்டு ஒன்றுதான். பேரன் தடியை எடுத்துக்கொண்டு போகிறான். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன், கேட்டுத்தான் போடுகிறேன்:

"மூன்றுதரம் தட்டினான். தண்ணீர் அசையவில்லை. அப்பப்பாவைப் போல ஒருக்கால் இருமிவிட்டுத் தட்டினான். தண்ணீர் மெல்லச் சுழித்து எழும்பி, ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. அவனுக்குக் கோபம் வந்தது. அவர் இனி வரமாட்டார் என்று கத்தினான். அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம். குளம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது."

பதினாறு வயதுப் பிள்ளை எழுதியது. இதில் எவ்வளவு நடக்கிறது என்று பாருங்கள். பேரன் முதலில் கிழவராக நடிக்கப் பார்க்கிறான். இழப்புக்குப் பிறகு நாம் எல்லாரும் ஒருமுறையாவது செய்வது. அப்பாவின் சேட்டைப் போட்டுப் பார்ப்பது, அவரைப்போலவே கடைக்காரரோடு பேரம் பேசுவது. நடிப்பு பலிக்கவில்லை. கோபத்தில் உண்மை வெளியே வருகிறது. அந்த உண்மையைக் கேட்டபிறகுதான் தண்ணீருக்கும் தெரிகிறது கிழவர் செத்துவிட்டார் என்று. ஊருக்கு எட்டு முடிந்துவிட்டது, குளத்துக்கு அன்றுதான் செத்தவீடு. இப்போது பேரனுக்கு ஒரு வேலை வந்துவிட்டது: தன்னுடைய தட்டைத் தண்ணீருக்குப் பழக்கவேண்டும். வாள், குதிரை ஒன்றும் தேவைப்படவில்லை.

விதை முன்பே விழுந்திருக்கவேண்டும்

சாவு ஒரு ஆளைப் புதிதாகச் செய்து தருவதில்லை. உள்ளே கிடந்த ஒன்றை வெளியே இழுத்துப் போடுகிறது. அப்படியென்றால் அது உள்ளே கிடந்ததை வாசகர் முன்பே ஒருதரம் கண்டிருக்கவேண்டும்.

இதற்கு வன்னிக்காரர் தூரத்துக்குப் போகத் தேவையில்லை, வற்றாப்பளைக்குப் போனாலே போதும். மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆற இடம் தேடி ஈழத்துக்கு வந்தாள், பத்தாவதாகத் தங்கிய இடம் இது, பத்தாம் பளைதான் வற்றாப்பளை ஆனது என்பது ஊர் ஐதீகம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் அம்மன். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டும் வருகிறது. ஆக, கணவன் செத்தபிறகு ஒரு பெண் என்ன ஆனாள் என்ற கதை எங்களுக்குச் சோறோடு ஊட்டப்பட்டது.

சிலப்பதிகாரத்தை இன்றைய அர்த்தத்தில் மிகுபுனைவு என்று சொன்னால் தமிழ் ரீச்சர்மார் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் அக்கினிதேவன் நேரில் வந்து கட்டளை கேட்கிற கதை அது, அதனால் இங்கே கடன் வாங்குகிறேன். மொத்தம் 30 காதைகள். கோவலன் வெட்டுப்படும் கொலைக்களக் காதை 16ஆவது. அதற்குப் பிறகு இன்னும் 14 காதை இருக்கிறது. இளங்கோவடிகளுக்கு முப்பத்திரண்டாம் நாளின் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முதல் பாதியில் கண்ணகி அதிகம் பேசமாட்டாள். மாதவியை விட்டு வந்த கணவன் பொருளெல்லாம் தொலைந்ததைச் சொல்லி வெட்கப்படும்போது, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அளவில்தான் அவள் பேச்சு. அப்படிப்பட்டவள் பாண்டியன் சபையில் மன்னனை 'தேரா மன்னா' என்று கூப்பிட்டு வழக்காடுகிறாள். திடீர் மாற்றம் மாதிரித் தெரியும். ஆனால் ஒன்பதாம் காதைக்குப் போய்ப் பாருங்கள். தோழி தேவந்தி வந்து, இன்ன குளத்தில் முழுகிக் காமவேளைக் கும்பிட்டால் கணவன் திரும்பி வருவான் என்கிறாள். கண்ணகியின் பதில் 'பீடன்று' என்பதுதான். அது பெருமை இல்லை. ஒரு சொல்லில் கதவை மூடிவிட்டாள்.

சபையில் நின்று வழக்காடியது அந்த ஒரு சொல்தான். கோவலன் உயிரோடு இருந்தவரை அதற்கு வெளியே வர வேலை இருக்கவில்லை. நீங்கள் எழுதும்போது உங்கள் பாத்திரத்தின் 'பீடன்று' எங்கே இருக்கிறது என்று தேடிப்பாருங்கள். சாவுக்கு முன்னால் அது ஒரு வரியாக எங்கேயாவது இருந்தால், பிறகு ஊரையே எரித்தாலும் வாசகர் நம்புவார். இல்லையென்றால், சின்ன அடுப்பைப் பற்றவைத்தாலும் நம்பமாட்டார்.

ஒரே சாவு, வேறு வேறு ஆட்கள்

ஒரு வீட்டில் தகப்பன் போய்விட்டால் மூத்தது பொறுப்பை எடுக்கும், நடுவில் ஆள் வாயை மூடிக்கொள்ளும், கடைக்குட்டி பொல்லாததாகிவிடும். எல்லா வீட்டிலும் இதே வரிசையில் இல்லாவிட்டாலும், மூன்றும் ஒரேமாதிரி ஆனதை நான் எங்கும் காணவில்லை. தொடக்கக் கதைகளில் ஊரே ஒரேமாதிரி அழுது ஒரேமாதிரிப் பழிவாங்கக் கிளம்புவதைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

1996இல் வந்த 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' நாவலில் எட்டார்ட் ஸ்டார்க் தலை வெட்டப்படுவது இன்றுவரை பேசப்படுகிறது. வாசகர் அவரைத்தான் கதாநாயகன் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார். அதிர்ச்சியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் சிதறிய விதம். மூத்தவன் ரொப் தகப்பனுக்காகப் படை நடத்தப் போய் அரசனாக்கப்படுகிறான், சுமக்கத் தெரியாத வயதில். மகள் சன்சா தகப்பனைக் கொல்லச் சொன்னவனின் அரண்மனையிலேயே மாட்டிக்கொள்கிறாள்; மரியாதையான பேச்சையே கேடயமாகப் பிடிக்கப் பழகுகிறாள். சின்னவள் ஆர்யா தலைமுடி கத்தரிக்கப்பட்டு, ஆண்பிள்ளை வேஷத்தில் தப்பி ஓடுகிறாள். பிறகு இரவில் நித்திரைக்கு முன்னால், சாகவேண்டியவர்களின் பெயர்களைத் தேவாரம்போலச் சொல்லிக்கொண்டு படுக்கிறாள். ஒரே கத்தி, மூன்று வெவ்வேறு காயங்கள். எழுதப் பழகுகிறவர்கள் தங்கள் கதையில் ஒருவர் சாகும்போது, குறைந்தது இரண்டு பேரை எடுத்து, அதே சாவு அவர்களை எதிரெதிர்த் திசையில் எப்படித் தள்ளுகிறது என்று எழுதிப் பார்க்கலாம். ஒருவருக்கு நிம்மதியாகவும் இருக்கலாம். சொல்லக் கூச்சமான விஷயம், ஆனால் நடப்பதுதான்.

வழிகாட்டியின் சாவு இன்னொரு வகை. மிகுபுனைவில் இது அரிசியும் பருப்பும் மாதிரி, எங்கும் இருக்கும். 1954-55இல் வந்த 'லோட் ஒஃப் த ரிங்ஸ்' கதையில் மந்திரக் கிழவர் கண்டால்ஃப் மோரியாச் சுரங்கப் பாலத்திலிருந்து விழுந்துபோகிறார். அதுவரை எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்தது அவருடைய தலை. இனி, கூடப் பயணம் வந்த வீரர் அரகோர்ன் யோசிக்கவேண்டும். அவர் தடுமாறுகிறார், அதுதான் அழகு. தலைவன் போனவுடன் அடுத்தவன் தலைவனாகப் பொரித்து வெளியே வருவதில்லை. கொஞ்ச நாளில் கூட்டமே சிதறிவிடுகிறது.

அந்தச் சிதறலில்தான் கூட்டத்தில் ஒருவனான போரோமிர் சாகிறான். இவனுடைய சாவு வேறு மாதிரி. மந்திர மோதிரத்தின் ஆசையில், அதைச் சுமந்துவந்த ஃப்ரோடோவிடமிருந்து பறிக்கப் பார்த்தவன். கொஞ்ச நேரத்துக்குள்ளேயே இரண்டு சிறியவர்களைக் காப்பாற்ற நின்று, அம்பு தைத்து விழுகிறான். சாகும்போது, பறிக்கப் பார்த்தேன் என்று அரகோர்னிடம் ஒப்புக்கொள்கிறான். இங்கே மிஞ்சினவர்களுக்கு முன்னால் செத்தவனே வளர்ந்து முடித்துவிட்டான். இப்படியும் ஒரு சாவு உண்டு என்று தெரிந்துவைத்திருங்கள்; ஆனால் அடிக்கடி எடுக்கவேண்டாம். சாகும் நேரத்தில் எல்லாரும் நல்லவராகிவிட்டால், வாசகர் இருமல் சத்தம் கேட்டவுடனேயே மன்னிப்புக் காட்சிக்குத் தயாராகிவிடுவார்.

மிகுபுனைவுக்கு மட்டும் கிடைத்த வசதி

சாதாரணக் கதையில் துக்கம் உள்ளே நடக்கும். முகம், மௌனம், மிஞ்சின தேத்தண்ணி என்று அடையாளங்களை வைத்துத்தான் காட்டலாம். மிகுபுனைவில் அதை வெளியே எடுத்து ஒரு சாமானாக, ஒரு மிருகமாக, ஒரு விதியாக நிறுத்தலாம். குளத்துத் தண்ணீர் இறங்க மறுத்தது அந்த மாதிரித்தான்.

'ஹரி பொட்டர்' வாசித்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். நாலாம் புத்தகத்தின் கடைசியில் செட்ரிக் என்ற மாணவன் ஹரியின் கண்முன்னே கொல்லப்படுகிறான். ஐந்தாம் புத்தகத்தில் ஹரி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும்போது, வண்டிகளைக் கறுப்பாக, எலும்பும் தோலுமாக ஏதோ மிருகங்கள் இழுப்பதைக் காண்கிறான். அதுவரை வண்டிகள் தாங்களாகவே ஓடுகின்றன என்றுதான் நினைத்திருந்தான். பக்கத்தில் நிற்கும் நண்பன் ரொன்னுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெஸ்ட்ரல் என்ற அந்த மிருகங்கள் சாவைக் கண்டவர்களின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சிறுவயதில் தாயை இழந்த லூனாவுக்குத் தெரிகிறது. ஹரி மாறிவிட்டான், உலகத்தை வேறுமாதிரிப் பார்க்கிறான் என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதலாம். அதைவிட, வண்டியில் ஒரு மிருகத்தைக் கட்டிவிடலாம்.

இதை மகாபாரதக்காரர் எப்போதோ செய்துவிட்டார்கள். 13ஆம் நாள் போரில் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் தனியாக மாட்டிச் சாகிறான். கூத்து மேடையில் அதைக் கண்டு அழாத கிழவிகள் குறைவு. அடுத்தநாள் பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று தகப்பன் அர்ச்சுனன் சபதம் எடுக்கிறான். அந்தச் சாவுக்குப் பிறகு போர் தர்மம் என்று இருந்ததெல்லாம் வேகமாகக் கழன்று விழத் தொடங்குகிறது. 15ஆம் நாள், பொய்யே சொல்லாத தருமர், துரோணரை வீழ்த்துவதற்காக அசுவத்தாமன் இறந்தான் என்று சொல்கிறார். செத்தது துரோணரின் மகன் இல்லை, அதே பெயருள்ள யானை; அந்த யானை என்ற சொல்லை மட்டும் வாய்க்குள் மெல்கிறார். அதுவரை நிலத்திலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர் மண்ணைத் தொடுகிறது.

நாலு விரற்கடை. தருமருடைய சரிவுக்கு இதைவிடச் சின்ன, இதைவிடத் தெளிவான அளவை யாரால் சொல்லமுடியும்? உங்கள் கதை உலகத்தில் ஒருவர் செத்தபிறகு என்ன மாறும் என்று யோசிக்கும்போது, மனசு உடைந்தது என்று எழுதுவதற்கு முன்னால், அந்த உலகத்தில் எந்தத் தேர் எத்தனை விரற்கடை இறங்கும் என்று கேட்டுப்பாருங்கள்.

திரும்பி வருகிறவர்கள், வராதவர்கள்

மந்திரம் உள்ள உலகத்தில் செத்தவர் எழும்பி வரலாம் என்று சொன்னேன். கண்டால்ஃபும் வருகிறார். ஆனால் சாம்பல் உடுப்போடு போனவர் வெள்ளை உடுப்போடு வருகிறார். பழைய நண்பர்களுக்கு முதலில் ஆளை அடையாளம் தெரியவில்லை. அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட, எப்போதோ புழங்கி மறந்துபோன ஒரு சொல்லை நினைவுபடுத்துகிறவர்போல அதை அவர் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார். போன ஆள் அப்படியே வரவில்லை. சாவின் விலையைக் கதை கட்டிவிட்டது. விலை இல்லாமல் ஒருவரை எழுப்பினீர்கள் என்றால், அடுத்த சாவுக்கு வாசகர் அழமாட்டார், மந்திரவாதியின் போன் நம்பரைத்தான் கேட்பார்.

இங்கே வன்னியில் இருந்து எழுதுகிறவளாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். உடல் கிடைக்காத இழப்பு. சாகசக் கதைகளில் இது சாதாரணத் தந்திரம்: ஆள் பள்ளத்தில் விழுந்தார், உடல் கிடைக்கவில்லை, ஆகவே ஐந்தாம் பாகத்தில் வருவார். எங்கள் பிள்ளைகள் இதை அப்படி வாசிப்பதில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் போராட்டம் தொடங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். அந்த வீடுகளில் 31ஆம் நாளே வரவில்லை. அந்தியேட்டி செய்தால் தாங்களே பிள்ளையைச் சாகடித்ததுபோல. செய்யாவிட்டால் ஒன்றும் முடியாததுபோல. முப்பத்திரண்டாம் நாள் எங்கேயிருந்து வரும்?

கதையில் இதை எடுப்பதானால் கவனம் வேண்டும். காத்திருக்கிற பாத்திரம் வளர்வதில்லை, தேய்வதுமில்லை. நின்ற இடத்தில் நிற்கிறது, சுற்றியுள்ளவர்கள் மட்டும் வயதாகிக்கொண்டு போகிறார்கள். அந்த நிற்றல்தான் அங்கே கதை. எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளை இரண்டு பக்கத்தில் ஒரு கதை எழுதினாள். கண்ணாடிக்குள் போன அண்ணனுக்கு அந்த வீட்டில் ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பார்கள். வருஷக்கணக்காகியும் அந்தக் கோப்பைச் சோறு மட்டும் ஆறுவதில்லை. மூடியைத் திறந்தால் ஆவி வரும். அவ்வளவுதான் கதை. அதற்கு ஒருவரும் குறை பிடிக்கவில்லை.

வீணாகப் போகிற சாவுகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருதரம் செய்தால் தானாகவே விளங்கும். முதல் பக்கத்தில் சிரித்துக்கொண்டு வரும் தங்கச்சி, இரண்டாம் பக்கத்தில் செத்துவிடுவாள். அண்ணனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. இப்படிச் சாவது அனேகமாகப் பெண்களும் கிழவர்களும்தான். கண்டுபிடிக்க நாங்கள் வைத்திருக்கும் சோதனை இது: செத்த ஆளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு எருமை களவுபோனதாக எழுதிப் பாருங்கள். கதாநாயகன் அதே கோபத்தோடு, அதே பாதையில், அதே வசனத்தைப் பேசிக்கொண்டு போகிறானா? அப்படியென்றால் அந்தத் தங்கச்சி கதையில் இருந்ததே இல்லை. பெடியனின் முதல் கதையில் கிழவருக்குப் பதிலாக எருமையைப் போட்டு வாசித்தோம். நன்றாகவே ஓடியது. அவன் அன்று கொஞ்சம் வாடித்தான் போனான்.

மற்றது, ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைக் கொன்றுகொண்டே போவது. நாலாவது சாவில் வாசகர் பக்கத்தை எண்ணத் தொடங்குவார். முதல் சாவின் துக்கத்தை ஒருவர் சுமந்து முடிக்கும் முன்னால் அடுத்ததைத் தலையில் ஏற்றினால், இரண்டும் கீழே விழும். அப்படி மரத்துப்போவதையே கதையாக எழுதலாம், அதற்கு எழுத்தில் கை படிந்திருக்கவேண்டும்.

போன கிழமை பெடியன் நாலாவது தரமாக அந்த அத்தியாயத்தை வாசித்தான். இந்தமுறை செத்தவீடு நாலு பக்கத்துக்கு நடந்தது. ஊரே வந்திருந்தது. கிழவரோடு இருபது வருஷமாக வரம்புச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வயல்காரர் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கனநேரம் யோசித்தார். பொழுதுபட, பூதத்தின் தாயும் வந்தாள். கிட்ட வரவில்லை. குளக்கட்டில் மருதமரத்தடியில் நின்றாள். தன் மகனும் அதே இடத்தில் செத்தவன்தானே. பேரன் அவளைக் கண்டான், ஒருவருக்கும் சொல்லவில்லை.

வாசித்து முடித்துவிட்டு மூலையைப் பார்த்தான். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "சரி, வந்தவைக்கு ஆர் தேத்தண்ணி குடுத்தது? அந்த மரத்தடியிலை நிண்ட மனிசிக்கும் குடுத்தவையோ?"

அவன் கொப்பியைத் திரும்பவும் திறந்தான்.